குழியும் கோலும்



நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். தோவாளையும் அகத்தீசுவரமும் சேர்ந்த நம் நாஞ்சில் நாடு உழவால் பெயர் பெற்ற நாடு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகத் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. உழவு உள்ள இடத்தில் நிலம் உண்டு; நிலம் உள்ள இடத்தில் அளவு உண்டு; அளவு உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. ஆகவே, பரப்பளவு என்னும் பாடம் தேர்வுக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

நம் முன்னோர் நிலத்தைக் கோலால் அளந்தனர். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. நீளத்தைக் கோலால் சொல்லலாம். பரப்பைக் குழியால்தான் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் வேறு என்பதே பாடத்தின் முதற்படி. திண்ணைப் பள்ளிகளில் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்பாட்டுக்குக் குழிமாற்று என்றே பெயர். முழு எண்களுக்குப் பெருங்குழி மாற்று. பின்னங்களுக்குச் சிறுகுழி மாற்று. வர்க்கம் என்று நாம் இன்று படிப்பதைப் பிள்ளைகள் அன்று நிலத்தின் பெயராலேயே படித்தார்கள்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோலும் வருகிறது. பதினாறு சாண் கோலும் வருகிறது. வேறுபாடு நான்கு சாண்தானே என்று எண்ணிவிடாதீர்கள். 12 சாண் கோலின் குழி 144 சதுரச் சாண். 16 சாண் கோலின் குழி 256 சதுரச் சாண். பெரிய கோலால் 900 குழி என்று அளந்த வயலைச் சிறிய கோலால் அளந்தால் 1600 குழி வரும். வயல் ஓர் அங்குலமும் வளரவில்லை. எண்ணிக்கையோ ஏறத்தாழ இரு மடங்காயிற்று. குழிக்கு இவ்வளவு என்று வரி விதித்தால் உழவனின் நிலை என்னவாகும்? இதனாலன்றோ எந்தக் கோலால் அளந்தது என்று கல்வெட்டில் பொறித்தார்கள்! சில கோயிற் சுவர்களில் கோலின் நீளத்தையே வெட்டி வைத்தார்கள்.

இனி வர்க்கமூலத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தில் மனையையும் தோட்டத்தையும் சென்ட் கணக்கில் பேசுகிறோம். 100 சென்ட் ஓர் ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இங்கிலாந்தின் கணித அறிஞர் கண்டர் 1620இல் வகுத்த சங்கிலியின் நீளம் 66 அடி. சங்கிலிக்குச் சங்கிலி சதுரமாக அளந்தால் 4356 சதுர அடி, அதாவது சரியாகப் பத்து சென்ட். அப்படியானால் ஒரு சென்ட் சதுர மனையின் பக்கம் என்ன? 66ஐப் பத்தால் வகுத்து 6.6 அடி என்று விடை எழுதும் மாணவர் பலர். 6.6ஐ 6.6ஆல் பெருக்கிப் பாருங்கள், 43.56 சதுர அடிதான் வரும். அது சென்டில் பத்தில் ஒரு பங்கு. பக்கம் பத்தில் ஒன்றானால் பரப்பு நூற்றில் ஒன்றாகிவிடும்.

சரியான விடை காண ஓர் எளிய வழி உண்டு. அகலம் 20 அடி என்று கொள்வோம். 435.6ஐ 20ஆல் வகுக்க, நீளம் 21.78. இது சற்றே நீண்ட செவ்வகம். இரண்டின் சராசரி 20.89. அதனால் மறுபடி வகுத்துச் சராசரி கண்டால் 20.87 அடி கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் பரப்பு மாறாமல் செவ்வகம் சதுரத்தை நெருங்குகிறது. பரப்பிலிருந்து பக்கத்துக்குத் திரும்பி வரும் வழியே வர்க்கமூலம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நாற்கரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சராசரி கண்டு, அவற்றைப் பெருக்கிப் பரப்பு சொல்வது உலகெங்கும் இருந்த பழைய வழக்கம். அது தோராயமானதே என்று பிரம்மகுப்தர் 628இல் சுட்டிக்காட்டினார். நான்கு பக்கமும் 50 அடி உள்ள வயலுக்கு அந்த வழக்கம் 2500 சதுர அடி என்று சொல்லும். மூலைவிட்டங்கள் 60, 80 அடியானால் உண்மைப் பரப்பு 2400. அவை 28, 96 அடியானாலோ வெறும் 1344! வேலி நான்கு புறமும் அதே 50 அடிதான். பழைய வழக்கம் செவ்வகம் ஒன்றுக்கே பொருந்தும். மற்ற நாற்கரங்களில் எப்போதும் கூடுதலாகவே காட்டும். விற்பவனுக்கு அது லாபம், வாங்குபவனுக்கு நஷ்டம். ஆகவேதான் நில அளவையாளர் வரப்பை மட்டும் அளப்பதில்லை. நிலத்துக்குக் குறுக்கேயும் அளந்து, அதை முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்.

மாணவர்களே, உங்கள் வீட்டு மனையை ஒரு முறை நாடாவால் அளந்து பாருங்கள். நான்கு பக்கங்களோடு மூலைவிட்டத்தையும் அளவுங்கள். கண்டறிந்த பரப்பைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். தன் நிலத்தைத் தானே கணக்கிடத் தெரிந்தவனை ஏமாற்றுவது எளிதன்று.