உள்ளகப் போர்ட் தேர்வு (சி மொழி)

சி மொழி நிரலில், வெளிச்செல்லும் இணைப்புக்கான உள்ளகப் போர்ட்டைக் கனெக்ட் அழைப்புக்கு முன் பைண்ட் அழைப்பால் நிரலரே குறிக்கலாம். குறிக்காவிட்டால் கெர்னலே ஒன்றைத் தரும். லினக்ஸில் அதற்கான இயல்பு வரம்பு 32768 முதல் 60999 வரை. பொதுவாகக் கெர்னலிடம் விடுவதே சரி. ஒரு டிசிபி இணைப்பை இரு முனைகளின் முகவரிகளும் போர்ட்களும் ஆகிய நான்கும் சேர்ந்தே அடையாளப்படுத்துகின்றன. போர்ட் மாறாதிருந்தால், இணைப்பை முதலில் மூடிய நிரல் அதே சேவையகத்தை உடனே மீண்டும் அணுகும்போது, பழைய இணைப்பின் காத்திருப்பு நிலை (லினக்ஸில் 60 நொடி) குறுக்கே நின்று பிழை தரக்கூடும். ஊகிக்க எளிதான போர்ட், போலிப் பொட்டலத் தாக்குதலையும் எளிதாக்கும்.

தீயரண் விதிகள் நிலையான எண்ணைக் கேட்கின்றனவே என்பர். அத்தேவை உண்மை, ஆயினும் ஒற்றை எண்ணைவிடச் சிறு வரம்பொன்றை ஒதுக்கி, பிழை வந்தால் அடுத்த எண்ணை முயல்வதே உறுதியானது. கெர்னல் தந்த எண்ணை அறிய மட்டுமெனில், கெட்சாக்நேம் அழைப்பே போதும்.