மாண்டிசெல்லோ

மாண்டிசெல்லோ என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே ஒரு குன்றின் மீது அமைந்துள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லம் ஆகும். அந்நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் இதனைத் தாமே வடிவமைத்து, இங்கு வாழ்ந்தார். இத்தாலிய மொழியில் இப்பெயர் "சிறு குன்று" எனப் பொருள்படும். ஜெபர்சனின் மறைவுக்குப் பின் இவ்வில்லம் ஏறத்தாழ 90 ஆண்டுகள் லெவி குடும்பத்தினரின் உடைமையாக இருந்தது. இது அழியாமல் காக்கப்பட்டதில் அக்குடும்பத்தின் பங்கு முதன்மையானது.

ஜெபர்சனின் காலம்

1769 இல் தொடங்கிய கட்டுமானமும் மாற்றங்களும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தன. இல்லத்தைச் சுற்றியிருந்த பண்ணையில் புகையிலையும் பின்னர் கோதுமையும் பயிரிடப்பட்டன. ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். வீட்டுவேலை, தச்சுவேலை, பயிர்த்தொழில் அனைத்தும் பெரும்பாலும் இவர்களது உழைப்பாலேயே நடந்தன. 1826 சூலை 4 அன்று அவர் இறந்தபோது கடன் 1,00,000 டாலருக்கும் அதிகமாக இருந்தது. 1827 சனவரியில் தட்டுமுட்டுப் பொருட்களுடன் அடிமைகளும் ஏலத்தில் விற்கப்பட்டனர். பல குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. 1831 இல் வீடும் கைமாறியது.

லெவி குடும்பத்தின் உடைமை

1834 இல் கடற்படை அதிகாரி யூரையா லெவி, பழுதடைந்திருந்த இவ்வில்லத்தை வாங்கினார். யூதரான இவர், தம் சமயத்தின் காரணமாகக் கடற்படையில் பல இன்னல்களைச் சந்தித்தவர். சமயச் சுதந்திரத்துக்காக ஜெபர்சன் ஆற்றிய பணியே அவர்மீது லெவி பெருமதிப்புக் கொள்ளக் காரணமாயிற்று. லெவி வீட்டைப் பழுதுபார்த்தார். 1839 இல் இறந்த அவருடைய தாய் ரேச்சல் லெவி இவ்வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். லெவியின் காலத்திலும் இங்கு அடிமைகள் வேலை செய்தனர்.

1862 இல் லெவி இறந்தார். இல்லத்தை அமெரிக்க மக்களுக்கு அளிப்பதாக அவர் எழுதிய உயில் வழக்குகளால் நிறைவேறவில்லை. உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களின் கூட்டமைப்பு இதனைப் பறிமுதல் செய்தது. போருக்குப் பின்னரும் வழக்கு நீண்டதால் வீடு சீரழிந்தது. கீழ்த்தளத்தில் கால்நடைகள் கட்டப்பட்டன.

1879 இல் லெவியின் உடன்பிறந்தார் மகனான ஜெபர்சன் மன்றோ லெவி, பிற வாரிசுகளின் பங்குகளையும் பெற்று உரிமையாளரானார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான இவர் பெருஞ்செலவில் இல்லத்தைச் சீரமைத்தார். ஜெபர்சன் காலத்துப் பொருட்களைத் தேடி மீட்கவும் முயன்றார்.

அருங்காட்சியகம்

இல்லத்தை அரசே ஏற்கவேண்டும் என்ற இயக்கம் 1910களில் வலுப்பெற்றது. 1923 இல் தாமஸ் ஜெபர்சன் நினைவு அறக்கட்டளை இதனை 5,00,000 டாலருக்கு வாங்கியது. அவ்வறக்கட்டளையே இன்றும் இதனை அருங்காட்சியகமாக நடத்துகிறது. 1938 முதல் அமெரிக்க ஐந்து சென்ட் நாணயத்தின் பின்புறத்தில் இவ்வில்லம் இடம்பெற்று வருகிறது. 2004, 2005 ஆம் ஆண்டு நாணயங்கள் மட்டும் இதற்கு விலக்கு. 1987 இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துடன் சேர்த்து யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக இது அறிவிக்கப்பட்டது.

விடுபட்ட வரலாறுகள்

அறக்கட்டளை பொறுப்பேற்ற பின் நெடுங்காலம் லெவி குடும்பத்தின் பங்கு பார்வையாளர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. 1985 இல் ரேச்சல் லெவியின் கல்லறை சீரமைக்கப்பட்டு, அக்குடும்பத்தின் பணி முறையாக நினைவுகூரப்பட்டது. 1993 இல், இங்கு அடிமைப்படுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்களிடமிருந்து வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் பணி தொடங்கியது. இதனால், இவ்வில்லத்தைக் கட்டிய உழைப்பாளர்களும் காத்த குடும்பமும் இன்று அதன் வரலாற்றில் இடம்பெறுகின்றனர்.