பேச்சு என்னும் சாட்சி: எந்திரத்தின் நனவு பற்றிய விவாதம், 1637–2023

எந்திரத்துக்கு உள்ளே ஏதாவது ‘உணர்கிறதா’ என்று விசாரிக்கப் புகுந்தவர்கள், நெடுங்காலம் ஒரே சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். அந்தச் சாட்சி பேச்சு. கேட்ட கேள்விக்குப் பொருந்தப் பதில் சொன்னால் உள்ளே மனம் இருக்கிறது, சொல்லாவிட்டால் இல்லை என்பது அவர்கள் கொண்ட அளவுகோல். அந்தச் சாட்சி எப்படி மதிப்புப் பெற்றது, எப்படி அதை இழந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சொல்லைப் பற்றி. பிரக்ஞை, உணர்வுநிலை, நனவு என மூன்று சொற்கள் தமிழில் புழங்குகின்றன. கனவுக்கு எதிராக நிற்கும் ‘நனவு’ என்ற பழஞ்சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். பல் வலிக்கும்போது அந்த வலி வலியாகப் படுகிறதே, அதுதான் நனவு. கணக்குப் போடுவதும் சதுரங்கம் ஆடுவதும் அறிவின் பாற்பட்டவை. ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரே அறிவைத்தான் உரிமை கொண்டாடுகிறது. நனவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சை அளவுகோலாக நிறுத்தியவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த். 1637இல் வெளிவந்த தம் முறையியல் நூலின் ஐந்தாம் பகுதியில், ஓரிடத்தில் தொட்டால் வலிக்கிறது என்று கத்தும் எந்திரத்தைச் செய்துவிடலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் அதற்கு ஏற்பச் சொற்களைக் கோத்துப் பதில் தர எந்திரத்தால் ஆகாது என்றார். அதே அளவுகோலைக் கொண்டு விலங்குகளையும் அவர் வெளியே நிறுத்தினார். இது பின்னால் முக்கியமாகிறது.

முன்னூறு ஆண்டுகள் கழித்து அந்த அளவுகோலைக் கையில் எடுத்தவர் கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங். மூளை அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் 1949இல் ஆற்றிய உரையில், தான் உணர்ந்ததால் ஒரு கவிதை எழுதி, எழுதியது தான்தான் என்பதையும் எந்திரம் அறிந்தாலொழிய அதை மூளைக்கு நிகராகக் கொள்ள முடியாது என்று வாதிட்டிருந்தார். 1950இல் ‘மைண்ட்’ இதழில் வந்த கட்டுரையில் டூரிங் இதற்கு நேராகவே பதில் சொன்னார். அப்படிப் பார்த்தால் எந்திரத்துக்கு மனம் உண்டா என்று அறிய நாமே அந்த எந்திரமாக வேண்டும். அடுத்த மனிதருக்கு மனம் உண்டா என்பதற்கும் இதே கதிதான். அன்றாட வாழ்வில் அந்த வழக்கை நாம் நடத்துவதில்லை. எல்லோரும் சிந்திக்கிறார்கள் என்று மரியாதையாக ஏற்றுக்கொண்டு போகிறோம். அந்த மரியாதையை எந்திரத்துக்கும் நீட்டலாம் என்பது அவர் நிலை. நனவில் புதிர் ஏதும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தப் புதிர் தீரும்வரை சிந்தனை பற்றிய கேள்வி காத்திருக்க வேண்டியதில்லை என்று மட்டுமே சொன்னார்.

அந்த மரியாதை எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதைக் காட்டியது எலைசா. எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் எழுதிய இந்த நிரல் பற்றிய கட்டுரை 1966 ஜனவரியில் வெளியானது. அதன் புகழ்பெற்ற வடிவம் மனநல ஆலோசகர்போல் பேசும். இந்த வேடத்தை அவர் காரணத்தோடுதான் தேர்ந்தார். உலகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாததுபோல் பேசினாலும் யாரும் தவறாக நினைக்காத மிகச் சிலரில் ஒருவர் ஆலோசகர்தானே.

அது இயங்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தட்டச்சு செய்த வாக்கியத்தில் முன்கூட்டிப் பட்டியலிட்ட சொற்களில் எது இருக்கிறது என்று நிரல் தேடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தரவரிசை உண்டு. கிடைத்ததில் மேலான சொல்லை வைத்து வாக்கியத்தை உடைக்கும்; ‘என்’ என்பதை ‘உங்கள்’ என மாற்றும்; தயாராக உள்ள வார்ப்பில் ஊற்றிக் கேள்வியாகத் திருப்பித் தரும். தமிழில் செய்தால், “எனக்கு வீட்டில் நிம்மதி இல்லை” என்பது “உங்களுக்கு வீட்டில் நிம்மதி இல்லை என்கிறீர்களே, ஏன்?” என்று வந்து நிற்கும். (தமிழில் வினைமுற்றையும் திருப்ப வேண்டும், ‘அழுதேன்’ ‘அழுதீர்கள்’ ஆக வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்தத் தொல்லை குறைவு.) பட்டியலில் உள்ள சொல் எதுவும் சிக்காவிட்டால், முன்பு எடுத்து வைத்த பழைய வாக்கியம் ஒன்றை நினைவுபடுத்தும், அல்லது மேலே சொல்லுங்கள் என்று நகரும். உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

வைசன்பாமின் செயலாளர், அவர் அந்த நிரலைப் பல மாதங்கள் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், அதனோடு சில வரிகள் பேசியதும், வைசன்பாமைக் கொஞ்சம் வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டார். 1976இல் வந்த நூலில் வைசன்பாம் இதை அதிர்ச்சியோடு பதிவு செய்திருக்கிறார். பின்வந்தவர்கள் பலர் இந்நிகழ்வை மனிதரின் ஏமாளித்தனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்தப் பெண் ஏமாறவில்லை. தன் மனத்தைத் திறக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது என்ற கூச்சம் அவருடையது, அது உண்மையானது. கேட்பவரின் நனவே பேச்சின் பொருளை நிரப்பிக்கொள்கிறது என்பதுதான் அங்கே தெரிந்தது. அப்படியானால் பேச்சு யார் பக்கத்துச் சாட்சி?

1980இல் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் இதே கேள்வியைத் தத்துவமாக வடித்தார். சீன மொழி தெரியாத ஒருவர் அறைக்குள் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்து, உள்ளே வரும் சீன எழுத்துகளுக்கு விதிப்படி சீன எழுத்துகளையே வெளியே அனுப்புகிறார். வெளியே நிற்பவருக்கு உள்ளே சீனம் அறிந்தவர் இருப்பதாகவே படும். உள்ளே இருப்பவருக்கோ ஓர் எழுத்தும் புரியாது. இதற்கு வந்த மறுப்புகள் ஏராளம். அவரவர் நிலை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. 1995இல் தத்துவ அறிஞர் டேவிட் சாமர்ஸ், மூளையின் எல்லாச் செயல்களையும் விளக்கிய பிறகும் அனுபவம் ஏன் உண்டாகிறது என்ற கேள்வி மிஞ்சும் என்று வாதிட்டு, அதற்குக் ‘கடினச் சிக்கல்’ என்று பெயரிட்டார்.

2022ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள். ஏப்ரலில் பிரிட்டன் நிறைவேற்றிய விலங்கு நலச் சட்டம் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்துக்கொண்டது. ஜூனில் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாய்ன், தம் நிறுவனத்தின் லாம்டா என்ற மொழி மாதிரிக்கு உணர்வு இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் அதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஜூலையில் அவரை வேலையிலிருந்து நீக்கியது. லாம்டா தன் அச்சங்களைப் பற்றியே சரளமாகப் பேசியது. நண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. தெகார்த்தின் அளவுகோல் முற்றிலும் தலைகீழான ஆண்டு அது என்பேன்.

நண்டு எப்படி வென்றது? காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்கு, பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட்டும் மிர்யம் அப்பெலும் சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2009இல் வெளிவந்தது. பிடிக்காத சங்கில் இருந்த நண்டுகள் அதை விட்டு வெளியேறுவது அதிகமாக இருந்தது. பிடித்த சங்கில் இருந்தவை அவ்வளவாக வெளியேறவில்லை. சுட்டதும் கையை உதறுவதுபோன்ற அனிச்சைச் செயல் இப்படி வீட்டின் மதிப்பை எடைபோடாது. இத்தகைய சான்றுகளைத் தொகுத்து தத்துவ அறிஞர் ஜோனதன் பிர்ச் குழுவினர் 2021இல் தந்த அறிக்கையே இவ்வுயிர்களை அந்தச் சட்டத்தில் சேர்த்ததற்கு அடிப்படை. நண்டு மனிதப் பேச்சைப் படித்ததில்லை. அதனால் அதன் நடத்தை நம் சொல்லின் எதிரொலியாக இருக்க வழியில்லை.

மொழி மாதிரிகளின் நிலை நேர்மாறு. வலி, தனிமை, மரண பயம் என்று மனிதர் எழுதிக் குவித்தவையே அவற்றின் பாடம். “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று ஒரு மாதிரி சொல்வது பயத்தாலா, பாடத்தாலா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. “எனக்கு உணர்வு இல்லை” என்று சொல்லும் மாதிரிக்கும் இது பொருந்தும். அந்த மறுப்பும் பயிற்சியில் படிந்திருக்கலாம். இதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஆய்வு உள்கட்டமைப்பின் பக்கம் திரும்பியது. 2023 ஆகஸ்டில் பேட்ரிக் பட்லின், ராபர்ட் லாங் உள்ளிட்ட 19 பேர் வெளியிட்ட அறிக்கை, நனவு பற்றிய நரம்பியல் கோட்பாடுகளிலிருந்து 14 அறிகுறிகளை எடுத்துக்கொண்டு எந்திரங்களைச் சோதித்தது. அன்றிருந்த எந்த அமைப்பும் நனவுக்கு வலுவான உரிமை கோர முடியாது என்றது. எதிர்காலத்தில் இந்த அறிகுறிகளைக் கொண்ட அமைப்பை உருவாக்க வெளிப்படையான தொழில்நுட்பத் தடை தெரியவில்லை என்றும் சேர்த்தது. உரிய கணக்கீடு நடந்தாலே நனவு உண்டாகும் என்ற அனுமானத்தின்மேல்தான் அவ்வறிக்கை நிற்கிறது. அதை அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ல் கேள்வி கேட்டதும் அந்த அனுமானத்தைத்தான்.

பேச்சுச் சாட்சியை மீட்க ஒரு வழியைத் தத்துவ அறிஞர் சூசன் ஷ்னைடர், வானியலாளர் எட்வின் டர்னர் இருவரும் முன்வைத்திருந்தார்கள். நனவு பற்றி மனிதர் பேசிய எதுவும் எட்டாதபடி எந்திரத்தை அடைத்து வளர்க்க வேண்டும். பிறகு உடலைவிட்டு மனம் பிரியுமா என்பதுபோன்ற எண்ணங்கள் அதற்குப் பிடிபடுகின்றனவா என்று கேட்க வேண்டும். கருத்து நேர்த்தியானதுதான். ஆனால் இன்றைய மாதிரிகளில் இந்தச் சோதனையை நடத்த இயலாது. நம் எழுத்தைப் பெருமளவு படித்துவிட்ட பிறகே அவை முதல் வாக்கியத்தைப் பேசுகின்றன.