கறி கடல் கடந்த கதை

மந்தைவெளி என்னும் பெயரைக் கேட்டவுடனே அதன் பொருள் விளங்கிவிடும். மாட்டு மந்தைகள் மேய்ந்த வெளி அது. மந்தை போய் வீடுகள் வந்து நெடுங்காலம் ஆயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சொல்லும் அத்தகையதே. அது பிறந்த இடம் ஒன்று, வளர்ந்த இடம் வேறு, இன்று உலகம் அதற்குக் கூறும் பொருள் முற்றிலும் வேறு. ஆங்கிலேயர் 'கர்ரி' என்று வழங்கும் நம் கறிதான் அச்சொல்.

அந்த மந்தைவெளியில்தான் நான் என் பிள்ளைப் பருவத்தைக் கழித்தேன். எங்கள் தெருவில் மரக்கறி உணவினரும் புலால் உண்போரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தனர். ஒரு சனிக்கிழமை, பள்ளித் தோழன் ஒருவனிடம், "நாளை எங்கள் வீட்டில் கறி பண்ணுகிறார்கள், சாப்பிட வா" என்று பெருமையோடு சொல்லி வைத்தேன். மறுநாள் அவன் எண்ணெய் தடவித் தலை வாரி, தோய்த்த சட்டையுடன் வந்து அமர்ந்தான். இலையில் வாழைக்காய்க் கறி விழுந்தது. அவன் இலையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "கறி எங்கே?" என்று மெல்லக் கேட்டான். என் பாட்டி, "இலையிலேதான் இருக்கிறதே, கண்ணா! இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள். அவன் வாய் பேசாமல் உண்டு எழுந்து போனான். தன்னை வேண்டுமென்றே அழைத்து ஏளனம் செய்துவிட்டதாக எண்ணி, அரையாண்டுத் தேர்வு வரையில் என்னோடு பேசவே இல்லை. எங்கள் இருவரில் பொய் சொன்னவர் எவரும் இல்லை. அவன் வீட்டில் கறி என்றால் ஆட்டிறைச்சி. எங்கள் வீட்டில் வதக்கிய காய். ஒரே தெருவில் ஒரே சொல் இரண்டு சொற்களாக வாழ்ந்தது.

பின்னாளில் நான் அகராதியைப் புரட்டியதற்கு அந்த வாழைக்காயே காரணம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரையில் பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், கறித்தல் என்றால் கடித்துத் தின்னுதல் என்று காண்கிறோம். கறி என்னும் பெயர்ச்சொல்லுக்கோ காய் வகை, இறைச்சி என்ற இரண்டு பொருளும் உண்டு. ஆக, நானும் என் தோழனும் அகராதியின் முன் சமமாகவே நின்றோம். ஆனால், எங்கள் இருவருக்குமே தெரியாத மூன்றாவது பொருள் ஒன்றும் அங்கே இருந்தது. அது மிளகு.

சங்கப் புலவர்கள் கறி என்று பாடிய இடங்களில் பெரும்பாலும் மிளகையே குறித்தார்கள். சேர நாட்டு முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து, அதற்கு ஈடாக மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் வருகிறது. அங்கே மிளகுக்குப் புலவர் இட்ட பெயர் கறி என்பதே. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலையிலும் கறி மூட்டைகள் உண்டு. இன்று ஒரு மாணவன் அவ்வடியைப் படித்துவிட்டு, இறைச்சியை மூட்டை கட்டி அனுப்பினார்களா என்று வியந்தால், அவன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு வியந்தவனே! அக்காலத்துச் சமையலுக்குக் காரம் தந்தது பெரும்பாலும் மிளகே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வந்த பின்னரே அது நம் நாட்டில் பரவியது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம்மவர் அதற்கு மிளகாய் எனப் பெயரிட்டனர்.

காலம் செல்லச் செல்ல, மிளகு என்ற சொல்லே மிளகுக்கு நிலைத்தது. கறி என்பது சோற்றோடு சேர்த்து உண்ணும் பதார்த்தத்துக்கு ஆயிற்று. வைணவர் இல்லங்களில் அது கறியமுது. யாழ்ப்பாணத்தில் இறைச்சிக்கறி, மீன்கறி, மரக்கறி என்று அடைமொழி கொடுத்துப் பிரிக்கிறார்கள். அங்கே கறி என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர். என் தோழன் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால், "என்ன கறி?" என்று முதலிலேயே கேட்டிருப்பான், எங்கள் நட்பும் பிழைத்திருக்கும்!

இந்தப் பொதுப் பொருளோடுதான் சொல் கப்பலேறியது. 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் அதைக் 'கரில்' என்று வழங்கினர். டச்சுப் பயணியான லின்ஸ்கோட்டனின் நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சற்றே புளிப்பான மீன் குழம்பு ஒன்று அப்பெயருடன் இங்கிலாந்துக்கு அறிமுகமாயிற்று. அடுத்து வருபவர் இராபர்ட் நாக்ஸ். கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய அந்த ஆங்கிலேயர், 1681-இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதினார். அந்நாட்டார் பழங்களைப் பழுக்குமுன்பே பறித்து வேகவைத்து, சோற்றுக்குச் சுவை கூட்டும் கறி ஆக்குகிறார்கள் என்கிறார். கறியின் இலக்கணத்தை இதைவிடச் சரியாக எவரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே வாக்கியத்தில் அச்சொல்லைப் போர்த்துகீசியச் சொல் என்று குறித்துவிட்டார்! நம் வீட்டுப் பிள்ளையை வழியில் கண்டு, தூக்கி வைத்திருந்தவரின் பிள்ளை என்று எண்ணிவிட்டார் போலும். இப்பிழையைப் பிற்காலத்தார் திருத்தினர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும், யூல் என்பாரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி, ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் தமிழ்க் கறி என்றும், போர்த்துகீசியர் கொண்டது அதன் கன்னட வடிவம் என்றும் கூறுகிறது.

இலண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் 1747-இல் வெளியிட்ட சமையல் நூலில், இந்திய முறையில் கறி செய்யும் வழி அச்சேறியது. அதில் மஞ்சளும் இல்லை, மிளகாயும் இல்லை. கொத்தமல்லி விதையும் எண்ணி முப்பது மிளகுமே உள்ளன. சங்க காலத்துக் கறி, அம்மையார் அறியாமலே அவருடைய சட்டிக்குள் புகுந்துவிட்டது என்று எனக்கு ஒரு வேடிக்கையான நினைப்பு. 1784-இல் இலண்டன் பிக்காடிலியில் ஒரு வாசனைப் பொருள் கடை, கறிப்பொடியை விற்பதாக விளம்பரம் செய்தது. அன்றுமுதல் ஆங்கிலேயனுக்குக் கறி என்பது ஒரு பொடியின் பெயராயிற்று. நாம் கறிக்கு ஏற்பப் பொடியை மாற்றுவோம். அவன் ஒரு பொடியைத் தூவி எதையும் கறி ஆக்கினான். சொல்லுக்கு நேர்ந்த பெரிய சேதம் இதுவே என்பது என் கருத்து. பிறகு, அங்குள்ள உணவு விடுதிகளில் நம் நகரத்தின் பெயரே ஒரு கறிக்குப் பெயராயிற்று. அங்கே 'மெட்ராஸ்' என்றால் காரம் மிகுந்தது என்று பொருள். அந்த விடுதிகளுள் மிகப் பலவற்றை நடத்தியவர்கள் வங்காளத்துச் சில்ஹெட் பகுதியார். மந்தைவெளியில் எந்தச் சமையற்காரரிடம் போய் 'மெட்ராஸ் கறி' கேட்டாலும் அவர் விழிப்பார்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'கர்ரி' என்று தொடங்குவன எல்லாம் நம் கறி அல்ல. குதிரையைத் தேய்த்துச் சீவுவதற்கும், தோல் பதனிடுவதற்கும் அதே ஒலியும் எழுத்தும் உடைய சொல் உண்டு. அது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. முகத்துதி செய்து தயவு பெறுவதை 'கர்ரி ஃபேவர்' என்பர். பழைய பிரெஞ்சுக் கதையொன்றில் ஃபோவெல் என்ற குதிரையை எல்லாரும் தேய்த்துக் கொடுத்து மகிழ்விப்பார்கள். அந்த ஃபோவெல் மருவி, தயவு என்று பொருள்படும் ஃபேவர் ஆகிவிட்டது. கால் கை பிடித்தல் மருவிக் காக்காய் பிடித்தல் ஆயிற்று என்று நம்மிடையே சொல்வதுண்டு அல்லவா? மேலும், 1390-ஐ ஒட்டி இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர் தொகுத்த நூலின் பெயரில் 'கியூரி' என்ற சொல் வருகிறது. அதைக் காட்டிக் கறி தங்கள் சொல்லே என்று வாதிட்டவர்களும் உளர். அது சமையல் என்று மட்டுமே பொருள்படும் பிரெஞ்சுவழிச் சொல்.

ஆங்கிலேயர் வழியாகக் கறி ஜப்பானுக்குப் போய்க் 'கரே' ஆயிற்று. பெர்லின் நகரில் 1949 செப்டம்பர் 4-ஆம் நாள் ஹெர்ட்டா ஹாய்வர் என்ற பெண்மணி பொரித்த இறைச்சிக் குழலின்மேல் தக்காளிச் சாறும் கறிப்பொடியும் இட்டு விற்றார். அந்நாட்டார் அதைக் 'கர்ரிவூர்ஸ்ட்' என்று இன்றும் விரும்பி உண்கிறார்கள். அங்கே சோறு இல்லை. சோறில்லாத கறியை நாக்ஸ் கறி என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

என் தோழன் பின்னர் என்னோடு பேசத் தொடங்கினான். பேசிய முதல் நாளிலேயே என்னை மந்தைவெளிக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று இரண்டு பலகைகளைக் காட்டினான். ஒன்றில் காய்கறிக் கடை என்றும், மற்றொன்றில் கறிக்கடை என்றும் எழுதியிருந்தது. "இனிமேல் அழைக்கும்போது முன்னால் காயா இல்லையா என்று சொல்லிவிடு" என்றான்.