இந்தியாவில் நீர்ப் பந்தாட்டம்

நீர்ப் பந்தாட்டம் (வாட்டர் போலோ) என்பது நீச்சல் குளத்தில் இரு அணிகள் பந்தை எறிந்து, எதிரணியின் வலைக்குள் செலுத்த முயலும் ஒரு குழு விளையாட்டு ஆகும். இந்தியா இவ்விளையாட்டில் 1948, 1952 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றது. 1951இல் புது தில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது. பின்னர் 1970இல் பாங்காக்கில் வெள்ளியும், 1982இல் புது தில்லியில் வெண்கலமும் பெற்றது. இந்திய நீச்சல் கூட்டமைப்பு நாட்டில் இவ்விளையாட்டை நிருவகிக்கிறது.

ஆட்டமுறை

ஓர் அணியில் இலக்குக் காவலர் உட்பட எழுவர் ஒரே நேரத்தில் ஆடுவர். ஆட்டம் தலா 8 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும். ஆடவர் பந்தின் சுற்றளவு 68 முதல் 71 செ.மீ.; மகளிருக்குச் சற்றுச் சிறிய பந்து பயன்படுகிறது. இலக்குக் காவலரைத் தவிர ஏனையோர் பந்தை ஒரு கையால் மட்டுமே கையாள வேண்டும். குளத்தின் தரையில் கால் ஊன்றுதல் கூடாது. ஆகவே குளம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழமாக இருத்தல் தேவை. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்விதியே இந்தியச் சிறுநகரங்களில் இவ்விளையாட்டு வேரூன்றாமைக்கு முதன்மைக் காரணம் எனலாம். ஒரு முனை ஆழம் குறைந்ததாக அமையும் வழக்கமான குளங்களில் முறையான ஆட்டம் நடத்த இயலாது.

சச்சின் நாக்கும் 1948 - 1952 காலமும்

இந்திய நீர்ப் பந்தாட்டத்தின் மிகச் சிறந்த பருவம் நான்கே ஆண்டுகள் நீடித்தது. அக்கால அணியின் முதன்மை வீரருள் ஒருவர் சச்சின் நாக் (1920 - 1987). வாரணாசியில் பிறந்து கங்கையில் நீந்தப் பழகியவர். 1930இல் சட்ட மறுப்பு இயக்கத்தின்போது காவலரிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்தார் என்றும், அங்கு நடந்துகொண்டிருந்த நீச்சல் பந்தயத்தில் கலந்து மூன்றாவதாக வந்தார் என்றும் கூறப்படுகிறது. பின்னர் கொல்கத்தா சென்று அங்குள்ள நீச்சல் கழகங்களில் பயிற்சி பெற்றார். 1947இல் அந்நகரில் நிகழ்ந்த கலவரத்தின்போது அவரது காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆயினும் அடுத்த ஆண்டே இலண்டன் ஒலிம்பிக்கில் நீச்சலிலும் நீர்ப் பந்தாட்டத்திலும் பங்கேற்றார்.

இலண்டனில் இந்திய அணி சிலி அணியை 7 - 4 என்ற கணக்கில் வென்றது. இவற்றுள் நான்கு கோல்கள் நாக் அடித்தவை. ஐரோப்பிய அணிகளுடன் மோதியபோது பெருத்த வேறுபாட்டில் தோல்வி கிட்டியது. 1952 எல்சிங்கியிலும் இதே நிலை. இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்ததே தில்லி வெற்றி. 1951 மார்ச்சில் நடந்த அப்போட்டியில் இந்தியா தங்கமும், சிங்கப்பூர் வெள்ளியும், ஈரான் வெண்கலமும் பெற்றன. பங்கேற்ற அணிகள் மிகச் சிலவே என்பதையும் குறிப்பிட வேண்டும். 100 மீட்டர் தன்னியல்பு நீச்சலிலும் நாக் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. அவருக்குத் தயான் சந்த் விருது 2020இல், மறைந்து 33 ஆண்டுகளுக்குப் பின் வழங்கப்பட்டது.

சிங்கப்பூருடன் ஓர் ஒப்பீடு

தில்லியில் இரண்டாம் இடம் பெற்ற சிங்கப்பூர், 1954 மணிலா போட்டியில் தங்கம் வென்றது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளும் கழகங்களும் இளம் வயதினரைத் தொடர்ந்து அணிக்கு அனுப்பியதால், 1965 முதல் 2017 வரை தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து 27 முறை தங்கம் அந்நாட்டுக்கே சென்றது. 2019இல்தான் இத்தொடர் முறிந்தது. 1951இல் அவர்களை முந்திய இந்தியாவில் அத்தகைய பள்ளி அளவிலான அடித்தளம் அமையவில்லை. தேசிய அளவில் மேற்கு வங்காளம், கேரளம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களும், படைத்துறை, இரயில்வே அணிகளுமே நெடுங்காலமாக முன்னணியில் உள்ளன.

இளையோர் பயிற்சி

இளையோர் கழகத்தின் ஒரு பருவம் பந்துடன் தொடங்குவதில்லை. முதலில் தலையை நீருக்கு மேல் நிறுத்தி நீந்தவும், பின்னர் கால்களை மாறிமாறிச் சுழற்றி நின்ற இடத்திலேயே மிதக்கவும் கற்பிக்கப்படுகிறது. முட்டை அடிக்கும் கருவியின் சுழற்சியை ஒத்திருப்பதால் இது 'எக்பீட்டர்' எனப்படுகிறது. இவ்வசைவு கைவந்த பின்னரே கைகளுக்கு விடுதலை கிடைக்கும். பந்தை ஏந்துதல், எறிதல், தடுத்தல் ஆகியன அதன்பின் வருவன. சிறுவருக்குச் சிறிய பந்தும் குறுகிய களமும் பயன்படுத்தப்படுகின்றன. புதிய அணிகள் முதல் போட்டிகளில் தோற்பது பெரும்பாலும் எறியும் திறன் குறைவால் அன்று. இறுதிப் பகுதியில் கால்கள் ஓய்ந்து உடல் நீரில் தாழ்வதாலேயே ஆகும்.

தமிழ்நாடும் கோயில் நகரங்களும்

தமிழ்நாட்டில் நீச்சல் ஏரியிலும் கிணற்றிலும் குளத்திலும் கற்கப்பட்ட கலை. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பழகுவது வழக்கம். திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், வெளியே ஐயங்குளமும் உள்ளன. கார்த்திகைத் தீபத்தை அடுத்து ஐயங்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறும். இத்தகைய குளங்கள் விளையாட்டுக் களமாக ஏற்றவை அல்ல. நாற்புறமும் படிகள் இறங்குவதால் ஆழம் சீராக இராது. நீர்மட்டம் மழையைப் பொறுத்து மாறும். அன்றியும் அவை வழிபாட்டுக்குரியவை. கிணற்றில் பழகிய சிறுவர்க்கு மூச்சடக்கவும் நெடுநேரம் மிதக்கவும் தெரியும். ஆனால் அத்திறன் அணி விளையாட்டாக மாற, ஆழம் சீரான குளமும் பயிற்றுநரும் தேவை.

மாநிலத்தின் முதன்மையான நீச்சல் வளாகம் சென்னை வேளச்சேரியில் உள்ளது. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிக்காக அமைக்கப்பட்ட அது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. திருவண்ணாமலையிலிருந்து அது ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவு.