20,270 தயாரித்தும் மவுசு குறையாத பின்பால் மெஷின்... பழசை வாங்கி ஓட வைப்பது எப்படி? விலை முதல் பழுது வரை முழு விவரம்!

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கு 'ஸ்பேஸ் கேடட்' ஞாபகம் இருக்கும். கீழே விழப்போகும் குண்டை, கீபோர்டில் இரண்டு பட்டனைத் தட்டித் தட்டி மேலே அனுப்பும் அந்த விளையாட்டின் பெயர்தான் பின்பால். ஆனால் அது திரைக்குள் இருந்த நகல். அசல் என்பது நாலு கால் வைத்த, 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மரப்பெட்டி.

அமெரிக்காவில் இந்தப் பெட்டியை வாங்கி வீட்டில் வைத்து, தாங்களே பழுது பார்த்து ஆடும் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. சில மெஷின்கள் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு 10 ஆயிரம் டாலரைத் தாண்டியும் கொடுக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பின்பால் மெஷின் எப்படி வேலை செய்கிறது?

கண்ணாடி மூடிய, லேசாகச் சரிந்த ஒரு பலகை. அதன் மேல் ஓடும் ஒரு எஃகு குண்டு. ஆட்டம் மொத்தமும் இவ்வளவுதான். குண்டின் எடை சுமார் 80 கிராம், விட்டம் 27 மில்லிமீட்டர். பலகையின் சரிவு பொதுவாக 6.5 டிகிரி. சரிவு குறைந்தால் ஆட்டம் தூங்கி வழியும், கூடினால் குண்டு பறக்கும்.

கீழே இருக்கும் இரண்டு சிறு துடுப்புகளின் பெயர் ஃபிளிப்பர். பட்டனை அழுத்தினால் காயிலில் மின்சாரம் பாய்ந்து, அது காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். அந்த இழுப்பில்தான் துடுப்பு அடிக்கிறது. குண்டு மோதும் பல இடங்களில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதுதான் பாயின்ட் ஏற்றும், விளக்கை எரிய வைக்கும். பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வயர், காயில், ஸ்விட்ச், பல்பு என ஒரு குட்டி மின்நிலையமே தெரியும்.

சூதாட்டம் என்று உடைக்கப்பட்ட மெஷின்கள்

1871-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த மான்டேகு ரெட்கிரேவ், ஸ்பிரிங் வைத்துக் குண்டைத் தள்ளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1931-ல் டேவிட் காட்லீப் கொண்டுவந்த 'பேஃபிள் பால்' பெரிய வெற்றி. அதன் பிறகு சிகாகோ நகரமே இந்தத் தொழிலின் தலைநகரம் ஆனது.

அப்போது ஃபிளிப்பர் கிடையாது. குண்டைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் 'இது திறமை அல்ல, அதிர்ஷ்டம். அதாவது சூதாட்டம்' என்ற குற்றச்சாட்டு வந்தது. 1942-ல் நியூயார்க் மேயர் லாகார்டியா தடை கொண்டுவந்தார். பறிமுதல் செய்த மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள்.

1947-ல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில்தான் முதன்முதலாக ஃபிளிப்பர் வந்தது. ஆட்டம் ஆடுபவரின் கைக்கு வந்தது. ஆனால் நியூயார்க் தடை நீங்க 1976 வரை ஆனது. பத்திரிகை எழுத்தாளர் ரோஜர் ஷார்ப், நகர மன்றத்தினர் முன்பு ஆடிக் காட்டினார். குண்டு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன இடத்துக்கே அனுப்பினார். தடை நீக்கப்பட்டது.

கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது எப்படி?

1990-களின் தொடக்கம் பின்பாலின் பொற்காலம். 1992-ல் பேலி பெயரில் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 மெஷின்கள் தயாரிக்கப்பட்டன. பிறகு சந்தை சுருங்கியது. 1996-ல் காட்லீப் மூடப்பட்டது. 1999-ல் பேலி பெயரையும் வைத்திருந்த வில்லியம்ஸ் நிறுவனம் தன் பின்பால் பிரிவையே மூடியது. அதன் பின் பல ஆண்டுகள் ஸ்டெர்ன் என்ற ஒரே ஒரு நிறுவனம்தான் தொடர்ந்து பெரிய அளவில் மெஷின் தயாரித்தது.

கடைக்காரர்கள் கழித்துக்கட்டிய மெஷின்களை ரசிகர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். தயாரித்த கம்பெனியே இல்லை என்றால் யார் பழுது பார்ப்பது? உரிமையாளர்களே மெக்கானிக் ஆனார்கள். பழைய மேனுவல்களைச் சேகரித்தார்கள். தேய்ந்த பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கும் சிறு தொழில்கள் முளைத்தன. இன்று ஒரு 1970-களின் மெஷின் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் இந்தக் கூட்டம்தான்.

எத்தனை வகை மெஷின்கள் உள்ளன?

பழசு வாங்குபவர் முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும்.

1970-களின் பிற்பகுதி வரை வந்தவை எலக்ட்ரோ மெக்கானிக்கல். இதில் கம்ப்யூட்டர் கிடையாது. ரிலே, மோட்டார், எண் சக்கரம்தான். பாயின்ட் ஏறும்போது சக்கரம் 'டக் டக்' என்று சுற்றும், மணி அடிக்கும். விலை பொதுவாகக் குறைவு. பழுதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும்.

அடுத்து வந்தவை சர்க்யூட் போர்டு வைத்த சாலிட் ஸ்டேட் மெஷின்கள். 1990-களில் இவற்றில் புள்ளித் திரை சேர்ந்தது. எந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்பதை மெஷினே சோதித்துச் சொல்லும்.

மூன்றாவது, புது மெஷின்கள். ஸ்டெர்னின் தொடக்க நிலை மாடலே சுமார் 7,000 டாலர். குறைந்த எண்ணிக்கையில் வரும் உயர் ரகம் 12,000 டாலரைத் தாண்டும். 2011-ல் தொடங்கிய ஜெர்சி ஜாக் போன்ற நிறுவனங்களும் களத்தில் உள்ளன.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* பேட்டரி: பல சாலிட் ஸ்டேட் மெஷின்களில் அதிக ஸ்கோரை நினைவில் வைக்க, போர்டிலேயே பேட்டரி இருக்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அது கசிந்து, போர்டின் செம்புத் தடத்தையே அரித்துவிடும். பின்பெட்டியைத் திறந்து, பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

* ஆட்டப் பலகை: குண்டு அடிக்கடி ஓடும் பாதையில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா? ரப்பர் மாற்றுவது சில்லறைச் செலவு. பலகை மாற்றுவது பெரிய செலவு, மாதக்கணக்கில் வேலை.

* பேக்கிளாஸ்: பழைய மெஷின்களில் முகப்புப் படம் கண்ணாடியின் பின்பக்கம் நேரடியாக அச்சிடப்பட்டிருக்கும். பல்பு சூட்டில் பெயின்ட் உரியும். அந்தப் பக்கத்தைத் துணி வைத்துத் துடைத்தால் படமே கையோடு வந்துவிடும்.

* ஒரு சின்னப் புள்ளி: 1990-களின் வில்லியம்ஸ், பேலி மெஷின்களில் கிரெடிட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், ஏதோ பழுது இருப்பதாக மெஷினே சொல்கிறது என்று அர்த்தம். விற்பவர் சொல்லாததை அந்தப் புள்ளி சொல்லிவிடும்.

* முழு ஆட்டம்: ஆன் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆடுங்கள். காயிலும் கனெக்டரும் சூடான பிறகுதான் பல பழுதுகள் தலைகாட்டும்.

பழுது பார்ப்பது கஷ்டமா?

பெரும்பாலான வேலைக்கு ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் போதும். ரப்பர் வளையம் மாற்றுவது, பலகையைச் சுத்தம் செய்து மெழுகு பூசுவது, பழைய குண்டை மாற்றுவது ஆகியவை முதல் பாடம். குண்டு விலை குறைந்த பொருள்தான். ஆனால் துரு ஏறிய குண்டு, பலகையை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

அடுத்த பாடம் ஃபிளிப்பர். துடுப்பு பலமில்லாமல் அடித்தால் உடனே காயிலைக் குறை சொல்லக் கூடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயும் தண்டும் இணைப்பும் தேய்ந்திருக்கும். இவற்றை மொத்தமாக மாற்ற செட்டாகவே கிடைக்கிறது.

ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று இருக்கும். ஒன்று ஓங்கி அடிக்க, இன்னொன்று தூக்கியபடி பிடித்து வைக்க. துடுப்பு மேலே போனதும் ஒரு ஸ்விட்ச் திறந்து, பெரிய மின்சாரத்தைத் துண்டிக்கும். பழைய மெஷின்களில் அந்த ஸ்விட்ச் திறக்காமல் ஒட்டிக்கொண்டால், பட்டனை அழுத்திப் பிடிக்கும்போது காயில் கருகிவிடும்.

அடிக்கடி ஃபியூஸ் போகிறதா? அதிக ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பதுதான் மிக மோசமான தவறு. ஃபியூஸ் தப்பித்துவிடும், போர்டு எரிந்துவிடும்.

மின்சாரம் விளையாட்டல்ல!

பலகையைத் தூக்கிக் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது கட்டாயம். காயில்களுக்கே 50 வோல்ட் அளவிலும் அதற்கு மேலும் மின்சாரம் போகும். பழைய பிளாஸ்மா எண் திரைகளுக்கு 100 வோல்ட்டுக்கு மேல் தேவை. ஆஃப் செய்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அமெரிக்க மெஷின்கள் 120 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டவை. நம் ஊர் 230 வோல்ட்டில் அப்படியே சொருகினால் கதை முடிந்தது. பல மாடல்களில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை மாற்றி அமைக்க முடியும். ஆனால் அதை மேனுவல் பார்த்து, விஷயம் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

விலையை எது தீர்மானிக்கிறது?

'குறைவாகத் தயாரித்தால் விலை அதிகம்' என்றுதான் பலரும் நினைப்பார்கள். பின்பாலில் அந்தக் கணக்கு பாதிதான் சரி.

1977-ல் வந்த பேலியின் 'எய்ட் பால்' 20,230 மெஷின்கள் தயாரிக்கப்பட்டன. 'ஆடம்ஸ் ஃபேமிலி' அதைவிட வெறும் 40 மெஷின்தான் அதிகம். ஆனால் இன்று நல்ல நிலையில் உள்ள ஆடம்ஸ், புது மெஷின் விலைக்கே போட்டி போடுகிறது. எய்ட் பால் அதில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்துவிடும். காரணம் எளிது. ஆடம்ஸை எத்தனை முறை ஆடினாலும் சலிக்காது என்று ஆடுபவர்கள் நினைக்கிறார்கள்.

அப்படியென்றால் விலையைத் தீர்மானிப்பவை எவை? ஆட்டம் எவ்வளவு பிடிக்கிறது, பலகையும் படமும் எந்த நிலையில் உள்ளன, கடையில் ஓடியதா வீட்டிலேயே இருந்ததா, பழுதை ஒழுங்காகப் பார்த்தார்களா அல்லது ஒட்டுப்போட்டு மறைத்தார்களா ஆகியவைதான்.

இன்னொன்றும் உண்டு. மறுதயாரிப்பு. 1997-ல் வந்த 'மெடீவல் மேட்னஸ்' 4,000 சொச்சம்தான் தயாரானது. அதனால் விலை எகிறியது. பிறகு சிகாகோ கேமிங் நிறுவனம் அதே மெஷினைப் புதிதாகத் தயாரிக்கத் தொடங்கியது. தொடர்ந்து 'அட்டாக் ஃப்ரம் மார்ஸ்', 'மான்ஸ்டர் பாஷ்' ஆகியவையும் வந்தன. புதுசே கிடைக்கும்போது பழசுக்கு எவ்வளவு கொடுப்பது என்று வாங்குபவர் யோசிக்கத்தானே செய்வார்?

வாங்கும் முன், இணையத்தில் உள்ள பின்பால் தரவுத்தளத்தில் அந்த மாடலின் ஆண்டு, தயாரிப்பு எண்ணிக்கை, மேனுவல் ஆகியவற்றைப் பார்க்கலாம். விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், உண்மையில் விற்றுப்போன விலையைத் தேடுங்கள். ஏற்றுக்கூலியையும் மாற்ற வேண்டிய பாகங்களின் செலவையும் கூட்டினால்தான் நிஜ விலை தெரியும்.

இது முதலீடா?

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் முடங்கியவர்கள் போட்டி போட்டு வாங்கியதில் பின்பால் விலை ஏறியது. அதைப் பார்த்து, லாபத்துக்காக வாங்கிப் பூட்டி வைக்க நினைப்பவர்களும் உண்டு. ஆனால் இது லாக்கரில் வைக்கும் தங்கம் இல்லை. ஆடாமல் கிடக்கும் மெஷினில் ரப்பர் இறுகும், ஸ்விட்ச் முனைகளில் அழுக்கு படியும், பேட்டரி கசியும். ஐந்து வருஷம் மூடி வைத்ததைத் திறந்தால், வாங்கிய விலைக்கும் போகாமல் இருக்கலாம்.

வாரம் ஒரு முறையாவது ஆடி, சின்னப் பழுதை அன்றைக்கே பார்த்துவிடுபவருக்கு இந்த மெஷின் காலத்துக்கும் ஓடும். ஸ்க்ரூ டிரைவரைத் தொட விருப்பமில்லாதவர், வாங்குவதற்கு முன் பக்கத்தில் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.