திமில் பொம்மீன்: அணைகளுக்குப் பின் வந்த பெயர்

குஜிலியம்பாறைக்கு அருகே அழகாபுரி அணையைக் கடக்கும் குடகனாறு, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் சேர்கிறது. அமராவதி திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. அதே அமராவதியின் மேற்கு முனையில், கேரளத்துச் சின்னாறு சரணாலயத்துக்குள் ஓடும் பாம்பாற்றில் கிடைத்த மீன்களை வைத்து, மதுசூதன குரூப்பும் ராதாகிருஷ்ணனும் ஒரு புதிய இனத்தை விவரித்தனர். மீனியலாளர் ரெமா தேவியைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ‘டார் ரெமாதேவி’ என்று பெயர் வைத்தனர். அவர்கள் கண்டவை சிறு மீன்கள். காவிரியில் ஐம்பது கிலோவுக்கு மேல் வளர்ந்த, முதுகில் திமிலும் ஆரஞ்சு நிற வாலும் உடைய பொம்மீனும் இதுவும் ஒன்றே என்பது அப்போது தெரியவில்லை.

பெரிய மீனின் புகழோ பழையது. எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட தூண்டில் நூல், இந்தியப் பொம்மீன்களை ஆங்கிலேய வேட்டைப் பிரியர்களிடையே பரப்பியது. 1946இல் கபினியில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. இத்தனை பேர் பிடித்தும் எடை போட்டும், இனம் எது என்பதில் மட்டும் குழப்பம் நீடித்தது. சைக்ஸ் 1839இல் தக்காணத்து மீன் ஒன்றுக்கு இட்ட ‘முசுல்லா’ என்ற பெயரே நெடுங்காலம் இதற்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்துக்குள் ஆறு துண்டாகிவிட்டது. பொம்மீன் இனங்கள் பருவமழை வெள்ளத்தை எதிர்த்து மேலேறி, சரளைக்கல் கிடக்கும் குளிர்ந்த ஓட்டத்தில் முட்டையிடும். வெள்ளம் வடிந்ததும் ஆழ்ந்த மடுக்களுக்கு இறங்கும். மேட்டூர் அணை 1934இலும், பவானிசாகர் 1955இலும், அமராவதி அணை 1957இலும் நிறைவுற்றன. கீழிருந்து ஏறும் மீன் இவற்றைத் தாண்ட முடியாது. பாம்பாற்றின் நீர் போய் விழுவதே அமராவதி அணையில்தான் என்பதால், அங்குள்ள மீன்கூட்டம் காவிரியின் மற்றக் கூட்டங்களிலிருந்து பிரிந்தே வாழ வேண்டியதாயிற்று. மடுக்களில் தோட்டா போட்டுக் கொல்வதும், மணல் அள்ளுவதும் எஞ்சியதையும் அரித்தன.

சமவெளிக் கிளையாறுகளின் நிலை வேறு வகை. குடகனாறு மழையை நம்பிய ஆறு; பொம்மீனுக்கான குளிர்ந்த பாறை ஓட்டம் அங்கே இல்லை. ஆனால் புதுவெள்ளத்தில் கெளுத்தியும் கெண்டையும் ஏறும் வழி அது. திண்டுக்கல் தோல் தொழிற்சாலைகளின் கழிவு அதன் மேற்படுகையின் நிலத்தடி நீரை உவர்ப்பாக்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அமராவதிப் படுகையைக் காப்பது பற்றிப் பேசும்போது காட்டை மட்டும் எண்ணி இந்த ஆற்றை விட்டுவிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

வேதனையான அத்தியாயம் அடுத்தது. பொம்மீன் குறைவதைக் கண்டு, லோனாவாலாவிலுள்ள டாடா நிறுவனத்தின் குஞ்சுப் பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்புப் பொம்மீன் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டனர். நல்லெண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் அது வேறொரு படுகையின் இனம். தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த பிடிப்புக் கணக்கை ஏட்ரியன் பிண்டர் குழுவினர் 2015இல் ஆராய்ந்தபோது, வந்தேறி மீன் பெருகியதும் திமில் பொம்மீன் அருகியதும் ஒரே ஏட்டில் தெரிந்தன. அரசு ஆவணமல்லாத அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் இந்தச் சரிவு கண்ணுக்கே பட்டிருக்காது.

2018இல் பிண்டர், மணிமேகலன், ராஜீவ் ராகவன் உள்ளிட்டோர் காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்று மீன்களின் உருவ அளவையும் மரபணுவையும் ஒப்பிட்டு, காவிரியின் திமில் பொம்மீனும் பாம்பாற்று ‘ரெமாதேவி’யும் ஒன்றே என நிறுவினர். அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அது மிக அருகிய இனமாக ஏறியது. பெயர் தெரிந்த பிறகாவது செய்ய வேண்டியவை தெளிவு: அந்நியக் குஞ்சுகளை விடுவதை நிறுத்துவது, மோயாற்றிலும் பாம்பாற்றிலும் கோடையிலும் ஓட்டம் அறாதபடி பார்ப்பது, இனப்பெருக்கம் தேவையென்றால் அந்தந்த ஆற்றின் தாய்மீனைக் கொண்டு மட்டுமே தொடங்குவது.